பத்து வினாடிக்கு ஏற்ற விசை

2006ஆம் ஆண்டு மார்ச் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள எங்கள் கழக மண்டபத்தில், பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்று கைத்துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. சிவகௌரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி நின்றார். தொட்டுவிட ஆசை, தொட்டால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்ற பயம்.

"மூண்டையும் வீட்டை கொண்டு போக விடமாட்டியளோ?" என்று கேட்டார்.

"ஒண்டைக் கொண்டுபோகவே உங்கட மனுசன் விடுவாரோ தெரியாது. இதில மூண்டாம்!" என்றார் பெனடிக்ற்.

பெனடிக்ற் பாதாள ரயில் ஓட்டுநர். கழகத்தில் அவரைவிட நன்றாகச் சுடுபவர் அப்போது இல்லை. மன்னார்க்காரர். பிறரைக் கேலி செய்யாவிட்டால் அவருக்குக் கை நடுங்கும் என்று நாங்கள் சொல்வோம்.

எங்கள் கழகம் ஒரு தொழிற்சாலையின் விளையாட்டுக் கழகமாகத் தொடங்கியது. தொழிற்சாலையை மூடினார்கள், கழகத்தை மூட மறந்துவிட்டார்கள். 1981 முதல் அதன் புள்ளிப் பதிவாளர் நான். இங்கே யாராவது கொல்லும் கருவிகளை வைத்து விளையாடுகிறார்கள் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் 1997க்குப் பிறகு சாதாரண மனிதர் உண்மையான கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அழுத்திய காற்றாலோ வாயுவாலோ மிளகளவு ஈயச் சன்னத்தைத் தள்ளும் விளையாட்டுத் துப்பாக்கிகள்தான் எங்களுடையவை; எங்கள் பேச்சில் துவக்கு.

போட்டி இதுதான். பத்து மீட்டர் தூரத்தில் ஐந்து கறுப்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தேநீர்க் கோப்பையின் வாய் அளவு. மணி அடித்ததும் கையை உயர்த்தி, பத்து வினாடிக்குள் ஐந்தையும் விழுத்த வேண்டும். ஒரு தகட்டுக்கு ஒரு சன்னம். பத்தாவது வினாடியில் விசில் ஊதும். அதற்குப் பிறகு விழுந்தாலும் கணக்கில்லை. இப்படி எட்டு முறை. மொத்தம் நாற்பது சன்னம். ஒவ்வொரு முறையும் சன்னம் போட்டுக்கொண்டிருந்தால் பத்து வினாடி போதாது. ஆகவே இதற்கு அரைத்தானியங்கித் துப்பாக்கி வேண்டும்: ஐந்து சன்னம் வரிசையில் இருக்கும், விசையை ஒருமுறை இழுத்தால் ஒன்று போகும், அடுத்தது தானாக வந்து நிற்கும்.

சிவகௌரியிடம் இருந்தது ஒற்றைச் சன்னத் துப்பாக்கி. அவருக்கு வேண்டியது ஏப்ரல் 22ஆம் தேதித் தெரிவுப் போட்டியில் முதல் மூன்று இடங்களுள் ஒன்று. மூன்று பேர்தான் லண்டன் அணி. அந்த அணி மே இருபதாம் தேதி பேர்மிங்ஹாமில் நடக்கும் போட்டிக்குப் போகும்.

அது ஏன் அவருக்கு அவ்வளவு பெரிய விடயம் என்பதைச் சொல்ல வேண்டும்.

சிவகௌரி 1962இல் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். 1986இல் சுவிற்சர்லாந்து போனார். பீல் நகரத்தில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை செய்தார். தலைமயிரைவிட மெல்லிய சுருள்களை இடுக்கியால் தூக்கி இடத்தில் வைப்பது அவர் வேலை. சுருள் சரியான இடத்தில் உட்காரும்போது விரல்நுனிக்கு ஒரு செய்தி வரும் என்று சொல்வார். அந்த ஊரில் கோயிலுக்கு ஒரு சபை இருப்பது போலத் துப்பாக்கி சுடுவதற்கும் ஒரு சபை உண்டு. கூட வேலை செய்த ஒரு பெண் அவரை அங்கே கூட்டிப்போனார். இரண்டு வருடத்தில் அந்தப் பெண்ணையே சிவகௌரி தோற்கடித்தார். 1998இல் மாநில அணியில் சேர இரண்டு புள்ளி குறைந்தது. 2001இல் ஒரு புள்ளி. 2003 ஆகஸ்டில் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகக் குடும்பம் லண்டனுக்கு வந்தது. கணவர் இராஜேந்திரனின் தம்பி பாலேந்திராவுக்கு ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை. அன்று முதல் சிவகௌரி கடைக்காரப் பெண்மணி. கிழமையில் ஏழு நாளும் கடை. ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும் அவருக்கு விடுதலை.

"ரெண்டு தரம் வாசல்ல நிண்டு திரும்பினனான் அண்ணை. இந்தமுறையும் இல்லையெண்டால் நான் இதை விட்டுடுவன். வயசும் நாப்பத்திமூண்டு," என்று அந்தக் காலையில் என்னிடம் சொன்னார்.

துப்பாக்கிகளைத் தந்த வியாபாரி மூன்று கிழமை மட்டும் பரீட்சைக்கு விட்டிருந்தார். மார்ச் 26ஆம் தேதி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றின் குழலும் ஏறக்குறைய ஒன்றுதான்; மூன்றின் பிடியும் அவர் கைக்குப் பொருந்தியது. வித்தியாசம் முழுவதும் விசையில்.

முதலாவதன் விசை இரண்டு குணம் உள்ளது. முதல் சன்னத்துக்கு நீளமாக, கனமாக இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சுத்தியலைப் பின்னால் தள்ளுவதும் அந்த இழுப்புத்தான், விடுவிப்பதும் அதுதான். என் தராசில் அது 2,400 கிராம். முதல் சன்னம் போனதும் துப்பாக்கி தானே சுத்தியலை இழுத்து வைத்துக்கொள்ளும். மற்ற நான்குக்கும் குறுகிய இழுப்பு, 1,300 கிராம்.

இரண்டாவது, இரண்டு கட்ட விசை. கொஞ்சத் தூரம் எதிர்ப்பில்லாமல் வரும். பிறகு ஒரு சுவரில் முட்டினது போல நிற்கும். அந்தச் சுவரை மெல்ல அழுத்தினால் கண்ணாடிக் குச்சி முறிவது போல வெடிக்கும். 520 கிராம்.

மூன்றாவதில் சுவரே இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சீராக வழுக்கிக்கொண்டே வரும். எங்கே வெடிக்கும் என்று விரலுக்குத் தெரியாது. வெடித்த பிறகு விரலை இம்மியளவு முன்னால் விட்டால் போதும், அடுத்ததற்குத் தயார். 540 கிராம், ஒரு திருகாணியால் கூட்டலாம், குறைக்கலாம்.

நான் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். ஒரே துப்பாக்கியை எப்போதும் முதலில் எடுத்தால் புதுக் கைக்கு அது நல்லதாகத் தோன்றும். கடைசியாக எடுப்பது களைத்த கைக்குக் கெட்டதாகத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ஒழுங்கை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் நாலு சுற்று, இருபது சன்னம். மூன்று ஞாயிறும் முடிய ஒவ்வொன்றுக்கும் அறுபது சன்னத்தின் கணக்கு இருக்கும்.

"அண்ணை, இது துவக்குப் பாக்கிறதோ, பொம்பிளை பாக்கிறதோ?" என்றார் பெனடிக்ற்.

"பொம்பிளை பாக்கேக்கை உம்மை ஆரும் அறுபது தரம் பாக்க விட்டவையோ?" என்றேன். மண்டபத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

முதலாவது துப்பாக்கி முதல் ஞாயிறே தோற்றது. முதல் இழுப்பு மலை ஏறுவது போல. இரண்டாவது இழுப்போ, படி இருக்கிறதென்று கால் வைக்க, படி இல்லாதது போல. இரண்டாவது தகட்டுக்குப் போக வேண்டிய சன்னம் கூரைப் பக்கம் போனது. "ஒரு துவக்குக்குள்ள ரெண்டு துவக்கு. எனக்கு ஒண்டு காணும்," என்று சிவகௌரி அதைத் துணியில் வைத்தார்.

இரண்டாவதைக் கையில் எடுத்தபோது அவர் முகம் மாறியது. தகடுகளை விட்டுவிட்டு, நேரக் கணக்கில்லாமல் கடதாசி இலக்கில் பத்துச் சன்னம் சுட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. 1981 முதல் எங்கள் மண்டபத்தில் புதுத் துப்பாக்கி ஒன்றை முதல் தடவை எடுத்து ஒருவரும் அந்த எண்ணைத் தொடவில்லை. பெனடிக்ற் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, முடிஞ்சுது! மற்ற ரெண்டையும் கட்டி அனுப்புங்கோ. நானும் இந்த ட்ரிகர்தான் பாவிக்கிறன். இதுதான் ட்ரிகர்!"

"இது கதைக்குது அண்ணை. 'இப்ப வந்திட்டன், இப்ப வந்திட்டன்' எண்டு விரலுக்குச் சொல்லுது. சுருள் இருக்கிற மாதிரி அப்பிடியே தெரியுது," என்றார் சிவகௌரி. குரல் துள்ளியது.

மூன்றாவதை ஒரு கடமைக்காகத்தான் எடுத்தார். கடதாசியில் தொண்ணூற்றொன்று. "வெண்ணெய்க்குள்ள விரலை விட்ட மாதிரிக் கிடக்கு. இதில என்ன பிடிச்சு நிக்கிறது?" என்று முகத்தைச் சுளித்தார்.

மூன்று ஞாயிறும் முடிந்தன. மார்ச் பத்தொன்பதாம் தேதி பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் கூட்டல்களை முடித்தேன். முதலாவது, அறுபதில் முப்பத்தேழு. இரண்டாவது, நாற்பத்தாறு. மூன்றாவது, ஐம்பது.

பெனடிக்ற் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அண்ணை, பிழையாக் கூட்டியிருக்கிறியள்."

"நீரே கூட்டிப் பாரும்."

அவர் கூட்டினார். இரண்டு தரம் கூட்டினார். பிறகு தாளைச் சிவகௌரியிடம் நீட்டினார்.

சிவகௌரி நம்பவில்லை. "தொண்ணூத்தாறு அடிச்ச துவக்கு எப்பிடி அண்ணை தோக்கும்?"

அதற்குப் பதில் கூட்டலில் இல்லை. எந்தத் தகடு விழாமல் நின்றது என்ற பட்டியலில் இருந்தது. இரண்டாவது துப்பாக்கியில் அவர் தவறவிட்டவை பதினான்கு. அந்தப் பதினான்கில் பதினொன்று ஐந்தாவது தகடு. பன்னிரண்டு சுற்றில் ஐந்தாவது தகடு ஒரே ஒரு முறைதான் விழுந்திருந்தது. மூன்றாவது துப்பாக்கியில் தவறியவை பத்து. அவை ஐந்து தகட்டிலும் சிதறிக் கிடந்தன.

நிறுத்தற் கடிகாரத்தின் கணக்கும் அதையே சொன்னது. இரண்டாவது துப்பாக்கியில் நாலாவது சன்னம் போகும்போது சராசரி எட்டுத் தசம் ஒன்பது வினாடி. ஐந்தாவதற்கு மிஞ்சியது ஒரு வினாடி. எட்டு முறை ஐந்தாவது சன்னம் குழலை விட்டே போகவில்லை, விசில் முந்திவிட்டது.

"நீங்கள் ஒவ்வொரு தகட்டுக்கும் அந்தச் சுவரில போய் நிக்கிறியள். நிண்டு, சரிபாத்து, பிறகுதான் அழுத்திறியள்," என்றேன்.

"நிக்கத்தானே அந்தச் சுவர்?"

"பெனடிக்ற் நிக்கிறேல்லை."

பெனடிக்ற் யோசித்தார். எழுந்து தன் துப்பாக்கியால் ஒரு சுற்றுச் சுட்டார். ஏழரை வினாடியில் ஐந்தும் விழுந்தன. "ஓம். எனக்குச் சுவர் இருக்கிறது தெரியும், ஆனா நான் உடைச்சுக்கொண்டு போறன். எனக்கு அவ்வளவு நுட்பமா விரல் தெரியாது பாருங்கோ. கதவுப் பொத்தானை அமத்திற விரல்."

சிவகௌரி அவரையும் என் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லோரும் புகழ்ந்த அந்த விரல்நுனிதான் அவரைத் தாமதப்படுத்தியது. கடிகாரத் தொழிற்சாலையில் சுருள் உட்காரும்வரை காத்திருந்த விரல், இங்கேயும் அனுமதி வாங்கும்வரை காத்திருந்தது. ஒரு தகட்டில் அரை வினாடி. ஐந்து தகட்டில் இரண்டரை.

"அப்ப, நிக்கிறதுக்கு இடமே இல்லாத ட்ரிகர் எண்டால் என்னாலை நிக்க ஏலாது," என்றார் மெதுவாக. பிறகு அவர் கண் விரிந்தது. "அண்ணை! அதாலதான் ஐம்பதோ?"

உடனே மூன்றாவது துப்பாக்கியை எடுத்தார். பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. வெளியே காரில் இராஜேந்திரன் காத்திருந்தார். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் மனைவியைக் கொண்டுவந்து விட்டு, காருக்குள் வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. ஊரில் வெடிச்சத்தத்துக்குள் இருந்து வந்தவர். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். அவர் ஹோர்ன் அடித்தார். சிவகௌரி கேட்கவில்லை. மணி அடித்தது. டக், டக், டக், டக், டக். ஐந்தும் விழுந்தன. எட்டுத் தசம் இரண்டு வினாடி.

"இன்னொருக்கா!" என்று கத்தினார். மறுபடியும் ஐந்து. ஹோர்ன் மறுபடியும் அடித்தது.

மார்ச் 26ஆம் தேதி மற்ற இரண்டும் திரும்பிப் போயின. இரண்டாவதைப் பெட்டிக்குள் வைக்கும்போது அதன் விசையை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் மூடியை மூடினார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி நாற்பதில் முப்பத்திமூன்று. ஒன்பதாம் தேதி முப்பத்தைந்து. பதினாறாம் தேதி ஈஸ்ரர்; மண்டபம் பூட்டு. பிழை நடந்தது அந்தக் கிழமையில்தான்.

மண்டபத்தில் சுட முடியாத குறைக்கு அவர் வீட்டில் வெறும் விசையை இழுத்துப் பழகினார். கொஞ்சம் கனமாக இருப்பதாகத் தோன்றவே திருகாணியைக் குறைத்தார். போட்டி விதிப்படி விசை ஐந்நூறு கிராமுக்குக் குறையக் கூடாது. குழலை மேல்நோக்கிப் பிடித்து, ஐந்நூறு கிராம் எடைப்படி ஒன்றை விசையில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விசை தாங்க வேண்டும். அந்தப் படி பூட்டிய மண்டபத்துக்குள் என் அலுமாரியில் இருந்தது. ஆகவே அவர், பலசரக்குக் கடையில் வேலை செய்கிற எவரும் செய்வதைச் செய்தார். கடையிலிருந்து ஐந்நூறு கிராம் வறுத்த மிளகாய்த்தூள் பைக்கற் ஒன்றை எடுத்துவந்து, நூலால் கட்டி, விசையில் தொங்கவிட்டார். விசை தாங்கியது. சந்தோசமாகத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தார்.

ஏப்ரல் 22, சனிக்கிழமை. போட்டி ஹரோவில், ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில். பதினான்கு பேர், இரண்டு பிரிவாகச் சுட்டார்கள். முதல் பிரிவு பத்தரைக்கு. பெனடிக்ற் அதில் முப்பத்தாறு எடுத்தார். உயரமான ஓர் இளம் பெண் முப்பத்தெட்டு. குரோய்டனிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் முப்பத்திநாலு. நான் எழுதிக்கொண்டேன்: சிவகௌரிக்கு முப்பத்தைந்து வேண்டும். முப்பத்திநாலு என்றால் ஆசிரியரோடு மறுசுற்று. அதற்குக் குறைந்தால் ஒன்றுமில்லை.

இரண்டாவது பிரிவுக்கு முன் துப்பாக்கிப் பரிசோதனை. பதினொன்று முப்பத்தைந்துக்கு நடுவர் அம்மா சிவகௌரியின் துப்பாக்கியை வாங்கி, குழலை மேலே பிடித்து, விசையில் படியைக் கொளுவித் தூக்கினார். 'டிக்' என்று விசை விழுந்தது. நடுவர் தலையை ஆட்டினார். இரண்டாம் தரமும் தூக்கினார். மறுபடியும் 'டிக்'. பதினொன்று ஐம்பதுக்குள் சரிசெய்து கொண்டு வராவிட்டால் போட்டியில் இடமில்லை என்றார்.

சிவகௌரி என்னிடம் ஓடிவந்தார். "அண்ணை, நான் நிறுத்தனான்! அரைக் கிலோத் தூளிலை நிறுத்தனான்!"

"என்ன தூள்?"

"மிளகாய்த்தூள்!"

பெனடிக்ற் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு அந்த நிலையிலும் அடக்க முடியவில்லை. "பாலேந்திராவின்ர கடை அரைக் கிலோவோ? அதைக் கொண்டு நீங்கள் இங்கிலாந்துச் சட்டத்தை அளந்தனீங்களோ?"

பாலேந்திராவுக்கு நீதி செய்ய வேண்டும். இரண்டு நாள் கழித்து நான் கடைக்குப் போய் நிறுத்தேன். அந்தப் பைக்கற் 486 கிராம். அதனோடு ஜனவரியில் கட்டிய மற்ற இரண்டும் 488, 487. அந்தக் கிழமை கட்டியவை எல்லாம் 501க்கு மேல். ஜனவரிப் பைக்கற்றுகள் மூன்று மாதம் ஹீற்றருக்கு மேல் உள்ள தட்டில் இருந்து ஈரம் உலர்ந்து போனவை. கடைக்காரர் கள்ளர் இல்லை, மிளகாய்தான் மெலிந்துவிட்டது.

ஆனால் அன்று ஹரோவில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. திருகாணியைத் திருப்ப ஒரு சின்னச் சாவி வேண்டும். சாவி எங்கே என்று கேட்டேன். காரின் கையுறைப் பெட்டிக்குள். காரில் இராஜேந்திரன். நான் கைத்தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"தம்பி, கையுறைப் பெட்டிக்குள்ள ஒரு சாவிக் கொத்து இருக்கும். ஓடி வாரும்."

"உள்ளுக்கோ?"

"உள்ளுக்குத்தான். பன்னிரண்டு நிமிசம் கிடக்கு."

தொலைபேசியில் கார்க் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது. ஐம்பத்தியிரண்டு வயது மனிதர், குளிர்ச் சட்டையின் ஒரு கை மட்டும் போட்டபடி பாடசாலை முற்றத்தைக் கடந்து ஓடிவந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். மனைவியின் முகத்தைக் கண்டார். உள்ளே வந்துவிட்டார்.

"இந்தாரும் கௌரி. எது?"

"அந்தக் கட்டைச் சாவி. இஞ்சேருங்கோ, இதைப் பிடியுங்கோ, ஒரு கையாலை திருக ஏலாது."

"நானோ?"

"சன்னம் இல்லை அப்பா. வெறும் இரும்பு. பிடியுங்கோ!"

அவர் பிடித்தார். நெஞ்சு ஏறி இறங்க, ஒரு நோயாளிக் குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தார். சிவகௌரி சாவியைப் போட்டுத் திருகினார். அரைச் சுற்று. போதுமா என்று என்னைப் பார்த்தார். இன்னும் கால் சுற்று என்றேன். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு நடுவர் படியைத் தூக்கினார். விசை அசையவில்லை. துப்பாக்கியில் பச்சை ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டினார்.

"காணும். இனி நீர் போய்ச் சுடும்," என்றார் இராஜேந்திரன். வெளியே போவார் என்று நினைத்தேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

இப்போது விசை பழகிய விசை இல்லை. அந்தக் கனத்தில் அவர் ஒரு சன்னமும் சுட்டதில்லை. முதல் சுற்றில் நாலு. இரண்டாவதில் மூன்று. நாற்பதில் மூன்று ஏற்கெனவே போய்விட்டன. இன்னும் இரண்டுதான் தவறலாம். பெனடிக்ற் நகத்தைக் கடித்தார். சிவகௌரி கையைத் தளர்த்தி, விரலை இரண்டு தரம் மடக்கி விரித்தார்.

மூன்றாவது சுற்று. டக், டக், டக், டக், டக். ஐந்து.

இராஜேந்திரன் என் முழங்கையைத் தட்டினார். "அண்ணை, இதுதானோ சத்தம்?"

"இதுதான்."

"இதென்ன, தச்சன் ஆணி அடிக்கிற மாதிரி! இதுக்கோ நான் ரெண்டு வருசம் காருக்குள்ள இருந்தனான்?"

பக்கத்து வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி வாயில் விரல் வைத்தார். நாலாவது சுற்று, ஐந்து. ஐந்தாவது சுற்றில் மூன்றாவது தகடு நின்றுவிட்டது, நாலு. ஆறாவது, ஐந்து. ஏழாவது, ஐந்து. என் தாளில் முப்பத்தொன்று. கடைசிச் சுற்றில் நாலு விழ வேண்டும். ஒன்றுக்கு மேல் தவறக் கூடாது.

இராஜேந்திரன் தாளைப் பார்த்தார். "நாலு காணுமோ?"

"நாலு காணும்."

"ஐயோ, மூண்டு எண்டால்?"

"பேசாமல் இரும்."

மணி அடித்தது. கை எழுந்தது. முதல் தகடு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தது, ஐந்து தசம் நாலு. நாலாவது சன்னம் போனது. தகடு அசைந்தது, விழவில்லை. விளிம்பில் பட்டிருக்க வேண்டும்.

எனக்கு மார்ச் மாதத்து நாற்பத்தாறு ஞாபகம் வந்தது. ஒன்று தவறினால் அடுத்ததில் நின்று நிதானிப்பது அவர் இயல்பு. நின்றால் விசில் முந்திவிடும். ஏழு தசம் ஐந்து. குழல் ஐந்தாவது தகட்டுக்கு நகர்ந்தது. எட்டு. எட்டுத் தசம் ஐந்து. விரல் வருவதை நான் தூரக்கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன்; நிற்காமல், அவசரமும் படாமல், ஒரே சீராகப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. ஒன்பது தசம் ஒன்று. டக்.

தகடு பின்னால் சாய்ந்தது. விசில் ஊதும்போது அது கிடந்த கிடையில் இருந்தது.

முப்பத்தைந்து!

பெனடிக்ற் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம்தான் அந்த நாளின் மிகப் பெரிய வெடிச்சத்தம். இரண்டாவது பிரிவில் வேறெவரும் முப்பத்திமூன்றைத் தாண்டவில்லை. நடுவர் தாள்களை ஒத்துப் பார்த்து, பன்னிரண்டு நாற்பதுக்குப் பெயர்களை வாசித்தார். மூன்றாவது பெயரை அவர் தட்டுத் தடுமாறி உச்சரிக்க, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து திருத்தினோம்.

சிவகௌரி அழவில்லை. சிரித்தார், நிறுத்த முடியாமல் சிரித்தார். "தகட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கோ அண்ணை, நாலாவது எங்கை பட்டது எண்டு பாக்க வேணும்," என்று என்னைப் பிடித்து இழுத்தார்.

"வந்த இடத்திலை மூண்டாவது வந்திட்டுப் பிறகும் நாலாவதைப் பற்றிக் கதை," என்றார் பெனடிக்ற். "தங்கச்சி, பேர்மிங்ஹாமுக்கு நாங்கள் ஒண்டாத்தான் போறம். என்னைவிட ஒரு சன்னம்தான் குறைய. அது எனக்குப் பிடிக்கேல்லை."

அணிப் பயிற்சியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். மே இருபது போட்டி. அதற்கு முன் நாலு ஞாயிறு, காலை ஒன்பது முதல் பின்னேரம் ஐந்து வரை, பயிற்சி. சிவகௌரி அதை வாசித்தார். சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஞாயிறுதான் கடையில் மிகவும் சனம். தாளைக் கணவரிடம் நீட்டினார்.

இராஜேந்திரன் அதை வாசித்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி, நான் அண்ணை. ஓம், ஓம், வெண்டிட்டா. கேள் முதல். மே இருபது சனிக்கிழமை கடைக்கு வேற ஆளைப் பார். கௌரி வரமாட்டா. லண்டனுக்காகச் சுடப் போறா."

மறுமுனையில் பாலேந்திரா நிறையப் பேசுவது எங்களுக்கும் கேட்டது. சிவகௌரி கணவரின் சட்டைக் கையை மெதுவாக இழுத்தார். "ஞாயிறு," என்றார்.

"அவன் கத்துறான்."

"நாலு ஞாயிறு."

இராஜேந்திரன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அவரைப் பார்த்தார்.

"ஞாயிறும் வரமாட்டா தம்பி," என்றார். "நான் வந்து நிக்கிறன்."